புதிய ஸ்கூல் கட்டடம்: பிளானைப் பார்க்கப் பழகுவோம்



நம்ம தோட்டத்துக்குப் புதிய பாடசாலைக் கட்டடம் வரப்போகிறது என்று சொன்னால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? அடிக்கல் நாட்டு விழாவுக்கு மேளக்காரருக்குச் சொல்லி அனுப்புகிறோம். மாலை கட்டுகிறோம். வாழைமரம் தேடுகிறோம். யார் பெயரைக் கல்லில் பொறிப்பது என்று இரண்டு கூட்டம் போடுகிறோம். கட்டடம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கப் போகிறது, பிள்ளைகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், டொய்லட் எத்தனை என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. "அதெல்லாம் பெரியவங்க பார்த்துக்குவாங்க" என்று விட்டு விடுகிறோம். கட்டடம் எழும்பி, பெயின்ட் அடித்து, நாடா வெட்டின பிறகு முதல் அடைமழைக்குத்தான் வகுப்புக்குள்ளே தண்ணீர் வருவது நமக்குத் தெரிகிறது.

பிளான் வரைவது படித்த பொறியியலாளர் வேலை. அதில் நாம் தலையிட முடியாது, தேவையும் இல்லை. ஆனால் அந்தப் பிளானைப் பார்த்துச் சில கேள்விகள் கேட்கப் பெற்றோருக்கு உரிமை இருக்கிறது. அந்தக் கேள்விகளைக் காகிதம் மேசை மேல் இருக்கும்போதே கேட்க வேண்டும். இந்த இதழின் பாடம் அதைப் பற்றியது.

இதுவரை யார் பிளான் போட்டது?

கொஞ்சம் பழைய கதையைப் பார்ப்போம். 1907ஆம் ஆண்டு வெள்ளைக்காரர் ஆட்சியில் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டத்திலுள்ள 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புச் சொல்லிக் கொடுக்கவும், அதற்குத் தகுந்த ஓர் அறையை ஒதுக்கிப் பராமரிக்கவும் தோட்டத்துரைமாருக்கு அந்தச் சட்டம் பொறுப்புக் கொடுத்தது. "தகுந்த அறை" என்பதற்கு ஒவ்வொரு துரையும் தனக்குப் பிடித்த அர்த்தத்தை வைத்துக் கொண்டார். ஓரிடத்தில் பழைய ஸ்டோர், இன்னோரிடத்தில் லயத்துக் கோடிக் காம்பரா. நம்ம தாத்தா பாட்டிமார் "ஸ்கூலு" என்று சொல்வது பெரும்பாலும் தகரக் கூரை போட்ட ஒரே மண்டபத்தைத்தான். சுற்றிவர இடுப்பளவு அரைச்சுவர், உள்ளே ஒரு மாஸ்டர், ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ். ஒரு மூலையில் வாய்ப்பாடு, மறு மூலையில் அரிச்சுவடி. யார் என்ன சொல்கிறார்கள் என்று யாருக்கும் கேட்காது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1970களின் பிற்பகுதியில் தோட்டப் பாடசாலைகளையும் அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டு உதவி நிறுவனமான சீடாவின் உதவியுடன் பல தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடமும் ஆசிரியர் விடுதியும் கிடைத்தன. அண்மையில் 2024ஆம் ஆண்டு, பெருந்தோட்டப் பகுதிகளில் ஒன்பது பாடசாலைகளை அபிவிருத்தி செய்வதற்கான உதவியை இரட்டிப்பாக்கி மொத்தம் 600 மில்லியன் ரூபா வழங்க இந்திய அரசு உடன்பட்டது. சராசரியாகப் பிரித்தால் ஒரு பாடசாலைக்கு 66 மில்லியன் ரூபாவுக்கு மேல் வருகிறது. சின்னத் தொகை இல்லை.

துரை போட்டார், அரசாங்கம் போட்டது, வெளிநாடு பணம் கொடுத்தது. இத்தனைக்கும் நடுவில் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவரிடம் "இங்கே கட்டலாமா?" என்று கேட்டது எத்தனை இடத்தில்?

அந்த அம்மா கேட்ட கேள்வி

சில வருடங்களுக்கு முன் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். புதிய கட்டடத்துக்கு இடம் பார்த்து முளைக்குச்சியும் அடித்தாயிற்று. அதிபர் பிளானை விரித்துக் காட்டினார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கடைசி வரிசையில் கொழுந்துக் கூடையைக் கீழே வைத்து விட்டு நின்று கொண்டிருந்த ஓர் அம்மா மட்டும் கையை உயர்த்தினார்.

"மாஸ்டர், அந்த மேட்டுலயா கட்டப் போறீங்க? அங்கன எங்கப்பா கான் வெட்டுன எடம். அடமழைக்கு மேல்மலைத் தண்ணி பூரா அந்தப் பக்கமாத்தான் எறங்கும். கானை மூடிட்டா தண்ணி எங்க போகும்?"

மாஸ்டரிடம் பதில் இல்லை. வந்திருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர், நாம் டீ.ஓ. என்று சொல்லும் ஐயா, நல்ல மனுஷன். "அது பேப்பர்ல தெரியாதும்மா, வாங்க போய்ப் பார்ப்போம்" என்று அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார். புல் மூடிக் கிடந்த கானைக் கவ்வாத்துக் கத்தியால் சுரண்டிக் காட்டினார்கள். கட்டடம் முப்பது அடி தள்ளிப் போனது. கான் அப்படியே திறந்து விடப்பட்டது.

கான் வெட்டுவது, கல்லடுக்குக் கட்டுவது, எந்த மண் இறுகும், எந்த மண் வழுக்கும் என்று பார்ப்பது எல்லாம் நமக்கு நாலைந்து தலைமுறையாகக் கைவந்த வேலை. தேயிலை மலையில் தண்ணீரை நேர் கீழே விடாமல் மலைக்குக் குறுக்காக, மெதுவாக இறக்கிக் கொண்டு போகிறோம் அல்லவா? மலைச் சரிவில் கட்டடம் கட்டும்போதும் அதே கணக்குத்தான். நீளமான கட்டடம் மலைக்குக் குறுக்காகப் படுத்தால் வெட்டும் மண் குறைவு. மேலிருந்து கீழாக நீட்டினால் ஒரு பக்கத்தை ஆழமாக வெட்டி, மறு பக்கத்தை அந்த மண்ணைப் போட்டு நிரப்ப வேண்டி வரும். வெட்டின பக்கம் இறுகின மண், நிரப்பின பக்கம் புது மண். சில வருடத்தில் புது மண் அமுங்கும். அப்போது சுவர் நடுவிலே வெடிக்கும். ஆகவே தூண்களின் அத்திவாரம் எல்லாம் பழைய இறுகின மண்ணில் நிற்கிறதா என்று கேட்டுக் கொள்ளுங்கள். பின்பக்க மண்ணைத் தாங்கும் மதிலில் தண்ணீர் வடிய ஓட்டைகள் பிளானில் காட்டப்பட்டிருக்க வேண்டும். ஓட்டை இல்லாத தாங்குமதில் மழைக்காலத்தில் தண்ணீரையும் சேர்த்துத் தாங்க வேண்டி வரும், அது நிற்காது.

மண்சரிவு

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை நாம் மறக்க முடியாது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா சூறாவளியில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் இறங்கியதும் நம் கண்முன்னே நடந்தது. இப்படியான நேரத்தில் லயத்தை விட்டு வெளியேறுகிற சனம் எங்கே ஓடுகிறது? கோயிலுக்கும் ஸ்கூலுக்கும். பாடசாலை என்பது படிக்கும் இடம் மட்டும் என்று நினைத்து இடம் தேடக் கூடாது. தோட்டத்திலேயே மிகப் பாதுகாப்பான இடம் அதற்குத்தான் கிடைக்க வேண்டும். நடப்பதோ வேறு. தேயிலை நன்றாக வளரும் இடத்தைத் தர நிர்வாகத்துக்கு மனமில்லை, எதற்கும் உதவாத செங்குத்துச் சரிவு ஸ்கூலுக்கு வருகிறது.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் கட்ட முன்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசைப் பெற வேண்டும். நுவரெலியா மாவட்டமும் அதில் அடங்கும். "அந்தக் கடிதம் வந்ததா, அதில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறார்கள்?" என்று கூட்டத்தில் கேளுங்கள். கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், இல்லாத இடத்தில் புதிதாகக் கசியும் ஊற்று, கலங்கி வரும் பீலித் தண்ணீர், திடீரென்று காணாமற் போகும் ஓடை ஆகியவற்றை நீங்கள் பார்த்திருந்தால் அதையும் அவர்களிடம் சொல்ல வேண்டும். வந்து பார்க்கிற உத்தியோகத்தர் ஒரு நாள்தான் நிற்பார். நாம் வருஷம் முழுவதும் அந்த மலையில் ஏறி இறங்குகிறோம்.

இன்னொரு சின்ன விஷயம். தோட்ட அலுவலகத்தில் மழை அளக்கும் கருவி இருக்கும். பாடசாலையிலும் ஒன்றை வைக்கலாம், பெரிய செலவு இல்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 தாண்டினால் அபாயச் சரிவில் யாரும் இருக்கக் கூடாது என்பது அந்த நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு. பெரிய வகுப்புப் பிள்ளைகள் தினமும் காலையில் அளந்து கரும்பலகையில் எழுதினால் அது கணக்குப் பாடமாகவும் இருக்கும்.

கூரைத் தண்ணீர்

இலங்கையில் பாடசாலைக் கட்டடங்களை அளவைச் சொல்லித்தான் அழைப்பார்கள். 80க்கு 25 இரண்டு மாடி, 110க்கு 25 மூன்று மாடி என்று கேள்விப்பத்திர விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். 80 அடி நீளம், 25 அடி அகலம் என்றால் ஒரு தட்டில் 20 அடிக்கு 25 அடி வகுப்பறை நான்கு வரும்.

அந்த 80க்கு 25 கட்டடத்தின் கூரை நாலு பக்கமும் மூன்றடி வெளியே நீட்டிக் கொண்டிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். கூரை மூடும் பரப்பு 86 அடிக்கு 31 அடி, ஏறக்குறைய 248 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லீட்டர் தண்ணீர். ஆகவே 100 மில்லிமீட்டர் பெய்கிற நாளில் அந்தக் கூரையிலிருந்து மட்டும் சுமார் 24,800 லீட்டர் இறங்கும். 200 லீட்டர் பீப்பாயில் பிடித்தால் 124 பீப்பாய். மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் சில இடங்களில் ஆண்டு மழை 5000 மில்லிமீட்டரையும் தாண்டும். இந்தத் தண்ணீர் பூராவும் அத்திவாரத்துக்குப் பக்கத்தில் விழுந்தால் மண் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பிளானில் கூரைப் பீலி இருக்கிறதா, குழாய் எங்கே இறங்குகிறது, இறங்கின தண்ணீர் எந்தக் கானில் சேருகிறது, அந்தக் கான் எங்கே போய் முடிகிறது என்று விரலை வைத்து அந்தக் கோட்டைத் தொடருங்கள். கோடு நடுவிலே நின்று விட்டால் கேளுங்கள். கீழே லயம் இருந்தால் கட்டாயம் கேளுங்கள். ஸ்கூல் தண்ணீர் லயத்துக் காம்பராவுக்குள் புகுந்த இடங்களும் உண்டு. ஒரு பகுதியைத் தாங்கியில் பிடித்தால் டொய்லட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆகும். குடிக்கிற தண்ணீர் வேறு பேச்சு.

கயிறு கட்டிப் பார்ப்போம்

காகிதத்தில் வகுப்பறை எப்போதும் பெரிதாகத் தெரியும். நிலத்தில் கயிறு கட்டிப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். 20 அடி, 25 அடி அளந்து நாலு முளைக்குச்சி அடியுங்கள். மூலை சரியாக இருக்க வேண்டும் என்றால் மேசன் பாஸ்மார் செய்யும் வேலையைச் செய்யுங்கள்: மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்து, இரண்டு குறிக்கும் இடையில் 5 அடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மூலை சரி.

உள்ளே 500 சதுர அடி. நம்ம லயத்துக் காம்பரா 10க்கு 12, அதாவது 120 சதுர அடி. நாலு காம்பராவை விடக் கொஞ்சம் பெரிது. 35 பிள்ளைகள் உட்கார்ந்தால் தலைக்குப் 14 சதுர அடி கிடைக்கும். மேசை, கதிரை, அலுமாரி, மாஸ்டர் நடமாடும் இடம் எல்லாம் அதற்குள்தான். 35 வரை சமாளிக்கலாம். 50 பிள்ளைகளை அடைத்தால் 10 சதுர அடி, அப்போது பின்வரிசைப் பிள்ளைக்குக் கரும்பலகை வெறும் கறுப்பாகத்தான் தெரியும். எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள், பிள்ளைக்காம்பராவிலிருந்து வருகிற வருஷங்களில் எத்தனை பேர் ஏறி வரப் போகிறார்கள் என்ற கணக்கை பிளான் போட முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆசிரியர் குறைவான சின்னப் பாடசாலையில் ஒரு மாஸ்டர் இரண்டு வகுப்பைப் பார்க்க வேண்டி வரும். அதற்காக நடுச்சுவர் இல்லாமல் கட்டினால் வசதி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அரைச்சுவர் மண்டபத்தில் படித்தவர்களுக்கு அந்தச் சத்தத்தின் அருமை தெரியும். சுவர் கூரை வரை போக வேண்டும், நடுவில் ஒரு கதவு இருந்தால் போதும்.

பிளானை வாசிக்கும் முறை கஷ்டமில்லை. 1:100 என்று போட்டிருந்தால் காகிதத்தில் ஒரு சென்டிமீட்டர் நிலத்தில் ஒரு மீட்டர். சுவர் தடித்த கோடு. யன்னல் சுவருக்குள்ளே மெல்லிய இரட்டைக் கோடு. கதவுக்குக் கால் வட்டம் போட்டிருக்கும், அது எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் கதவு திறக்கும். வடக்குத் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும். அந்த அம்பைப் பார்த்துக் காகிதத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மேட்டில் நில்லுங்கள். எந்த வகுப்பு எந்த மலையைப் பார்க்கிறது என்று தெரிந்து விடும்.

மிஸ்ட்டு, காற்று, சத்தம்

பொதுப் பிளான்கள் பெரும்பாலும் சூடான தாழ்நிலத்தை நினைத்துப் போடப்பட்டவை. அங்கே வெயிலை மறைக்க வேண்டும், காற்றை உள்ளே விட வேண்டும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 6000 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே திறந்த அரைச்சுவர் வழியாக மிஸ்ட்டு வகுப்புக்குள் வந்து கொப்பியை நனைக்கும். காலை வெயில் கொஞ்சம் உள்ளே வந்தால் பிள்ளைகளுக்குச் சுகம்.

மழையும் எல்லா இடத்துக்கும் ஒன்றல்ல. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழையை அடித்துக் கொண்டு வரும். ராகலை, உடப்புசல்லாவை, வலப்பனைப் பக்கத்துக்கு டிசம்பர், ஜனவரியில் வடகீழ்க் காற்றுத்தான் பெரியது. ஒரே பிளானை இரண்டு பக்கத்துக்கும் அப்படியே நட்டால் ஓரிடத்தில் தாழ்வாரம் மழைக்கு முதுகைக் காட்டும், மறு இடத்தில் முகத்தைக் காட்டும். மழை அடிக்கிற பக்கம் முழுச் சுவரும், மேலே மூடித் திறக்கிற கண்ணாடி யன்னலும் வேண்டும். நடைபாதையும் கதவும் மற்றப் பக்கம் வரட்டும். "எங்க பக்கம் சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கும்" என்று சொல்ல நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

யன்னல்களின் மொத்தப் பரப்பு தரைப் பரப்பில் ஏழில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்பது பொதுவான கணக்கு. மிஸ்ட்டு மூடுகிற ஊருக்கு ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் நல்லது. வெளிச்சம் பிள்ளைகளின் இடது கைப்பக்கமிருந்து வர வேண்டும். வலது கையால் எழுதும்போது கை நிழல் எழுத்தின் மேல் விழாது. கரும்பலகைச் சுவரில் யன்னல் வேண்டாம், கண் கூசும்.

தகரக் கூரையின் கீழ் மழை நாளில் பாடம் நடக்காது. வாய் அசைவது தெரியும், சத்தம் வராது. வருடத்தில் எத்தனை மழை நாள் என்று எண்ணிப் பார்த்தால் பிள்ளைகள் இழக்கிற பாடம் எவ்வளவு என்று தெரியும். ஆகவே கூரைக்குக் கீழே சீலிங் வேண்டும் என்பதை விட்டுக் கொடுக்காதீர்கள். பணம் குறையும்போது மதிப்பீட்டிலிருந்து முதலில் வெட்டப்படுவது சீலிங்தான். வாசல் வளைவை மட்டும் யாரும் வெட்ட மாட்டார்கள்! பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டைக் கழற்றும் வேலை இருந்தால் பிள்ளைகள் இல்லாத நாளில், நனைத்து, உடைக்காமல் கழற்றச் சொல்லுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கெடுதி.

டொய்லட்

இதைக் கூட்டத்தில் பேச வெட்கப்படுகிறோம். வயதுக்கு வந்த பெண்பிள்ளை மாதத்தில் மூன்று நாலு நாள் ஸ்கூலுக்கு வராமல் நிற்பதற்கு எத்தனை வீட்டில் இதுதான் காரணம்? உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 25 பெண்பிள்ளைகளுக்கு ஒரு மலசலகூடம் வேண்டும். ஆண்பிள்ளைகள் 50 பேருக்கு ஒன்றும், அதோடு சிறுநீர் கழிக்கும் இடமும் வேண்டும். 60 பெண்பிள்ளைகளும் 60 ஆண்பிள்ளைகளும் படிக்கிற பாடசாலைக்குப் பெண்களுக்கு மூன்று, ஆண்களுக்கு இரண்டு. ஆசிரியர்களுக்கு வேறு.

எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரு பாடசாலையில் டைல்ஸ் ஒட்டின அழகான டொய்லட் பூட்டியே கிடந்தது. ஏன் என்று கேட்டேன். "தண்ணி ஏறலைங்க" என்றார்கள். தாங்கி வைத்த இடத்தை விட ஊற்று கீழே இருந்தது, மோட்டாருக்குப் பணம் இல்லை. பீலித் தண்ணீர் மேலிருந்து தானாக இறங்கி வருகிற உயரத்தில் தாங்கியை வைத்திருந்தால் மோட்டாரே தேவைப்பட்டிராது. கதவுக்கு உள்தாழ்ப்பாள், உள்ளே ஒரு குழாய், மூடி போட்ட வாளி, ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் தனித்தனி வழி. இவற்றைப் பிளானில் காட்டச் சொல்லி அம்மாமார்தான் கேட்க வேண்டும். மலக்குழி குடிநீர் ஊற்றுக்கு மேலே வந்து விடாமலும் பாருங்கள்.

படிக்கட்டும் குசினியும்

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் திகதி தமிழ்நாட்டில் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைத்த நெருப்பு ஓலைக் கூரையில் பிடித்தது. 94 பிள்ளைகள் கருகிப் போனார்கள். இறங்குவதற்கு ஒரே ஒரு குறுகிய படிக்கட்டு. அந்தப் பிள்ளைகளும் காலையில் தலைவாரிப் பொட்டு வைத்து அனுப்பப்பட்ட பிள்ளைகள்தான்.

காலை உணவோ மதிய உணவோ சமைக்கிற குசினி வகுப்புகளிலிருந்து விலகித் தனியாக இருக்க வேண்டும். இரண்டு மாடி என்றால் இரண்டு கோடியிலும் படிக்கட்டு இருக்கட்டும். வகுப்புக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், நெரிசலில் உள்ளே இழுக்க முடியாது. கால் வட்டம் எந்தப் பக்கம் வளைகிறது என்று முன்னே சொன்னேன் அல்லவா, அது இதற்குத்தான்.

நடக்க முடியாத பிள்ளை ஒன்று தோட்டத்தில் இருந்தால் என்ன செய்வது? அம்மா முதுகில் தூக்கிக்கொண்டு வருகிறார். பிள்ளைக்குப் பத்து வயதானதும் அது நின்று போகிறது. 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது, 2006இல் பொதுக் கட்டடங்களுக்கு அவர்கள் வந்து போகும் வசதி பற்றிய விதிகளும் வந்தன. ஓர் அடி ஏறுவதற்கு 12 அடி நீளச் சாய்வுப் பாதை வேண்டும். மூன்றடித் திண்ணை என்றால் 36 அடி. மலைச் சரிவில் அதற்கு இடம் பிறகு தேடினால் கிடைக்காது, ஆரம்பத்திலேயே ஒதுக்க வேண்டும்.

யாரிடம், எப்படிக் கேட்பது?

கேட்டு விட்டு வரைவது புதிய பழக்கமும் அல்ல. நம்ம மலைநாட்டிலேயே, கண்டியில் 1918இல் பிறந்த மினெட் டி சில்வா என்ற பெண் கட்டடக் கலைஞர் இருந்தார். 1948இல் பிரித்தானிய கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் உறுப்பினராகிய முதல் ஆசியப் பெண் அவர். 1950களில் கண்டி வட்டபுளுவையில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்திட்டம் அமைத்தபோது, அங்கே குடியிருக்கப் போகிறவர்களிடம் கேள்விப் படிவம் கொடுத்து, எப்படிச் சமைப்பீர்கள், எப்படி வாழ்வீர்கள் என்று கேட்ட பிறகுதான் வீடுகளை வரைந்தார். கண்டியில் அரச ஊழியருக்குச் செய்ததைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் செய்யலாம்.

நமக்குள்ள வழி பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அதிபர்தான் அதன் தலைவர். பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் எல்லோருக்கும் அதில் இடமுண்டு. மாகாணப் பாடசாலை என்றால் வேலை வலயக் கல்விப் பணிமனை வழியாக மாகாணத்துக்குப் போகும். அதற்கு முன் ஒரு பெரிய முடிச்சு காணி. நிலம் தோட்டக் கம்பனியின் குத்தகையில் இருக்கும். அளந்து, எல்லை போட்டு, பாடசாலைக்கு எழுத்தில் விடுவிக்கப்படாமல் கட்டடப் பணம் வந்தால் அந்தப் பணம் நடுவழியில் நிற்கும். வருஷம் முடிந்தால் திரும்பிப் போகும். ஆகவே முதல் கேள்வி காணிக் கடிதம்.

பணம் ஒரே தடவையில் போதாமல் இருக்கலாம். அப்போது ஒரு தட்டை மட்டும் கட்டினாலும் அத்திவாரத்தை இரண்டு தட்டுக்குப் போடச் சொல்லுங்கள். பிறகு நினைத்தாலும் அத்திவாரத்தைத் தடிப்பாக்க முடியாது. ஆசிரியர் விடுதியையும் தள்ளிப் போட விடாதீர்கள். மூன்று பஸ் ஏறி வருகிற டீச்சர் ஒரு வருஷத்தில் இடமாற்றம் கேட்பார், அவரைக் குறை சொல்ல முடியாது.

பேசுவதற்குக் கூச்சமாக இருந்தால் எழுதிக் கொண்டு போங்கள். எழுத வராவிட்டால் ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லி எழுத வையுங்கள். காணி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கடிதம், தண்ணீர் போகும் வழி, சாரல் அடிக்கும் பக்கம், சீலிங், டொய்லட், படிக்கட்டு. ஒரு தாளில் அடங்கி விடும். "இதெல்லாம் ஒனக்கெதுக்கு?" என்று யாராவது கேட்டால், "எம்புள்ள இருக்கப் போற எடங்க" என்று சொல்லுங்கள். கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும் கூட்ட அறிக்கையில் எழுதப்பட்டதா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.